வட்டமாக உட்காரும் முன்: வன்னிச் சிறுவர்களும் குழு உளச்சிகிச்சையும்

2009இல் போர் முடிந்த பின்னர், இலங்கையின் வடக்கே வன்னியில் அடிக்கடி காணக்கூடியதாக இருந்த காட்சி இது. பாடசாலை மண்டபம் ஒன்றில் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைப்பார்கள். வெள்ளைத் தாளும் நிறப் பென்சிலும் கொடுத்து, மனதில் இருப்பதை வரையச் சொல்வார்கள். பிள்ளைகள் குண்டு போடும் கிபிர் விமானம் வரைவார்கள், பங்கர் வரைவார்கள், கிடக்கும் உடல்களை வரைவார்கள். சில பிள்ளைகள் அழுவார்கள். மாலையில் வாகனம் திரும்பிவிடும். அந்தப் பிள்ளை அன்றிரவு எப்படித் தூங்கியது என்று கேட்க மறுநாள் யாரும் வருவதில்லை.

நடந்ததைக் கொட்டிவிட்டால் பாரம் குறைந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் இதைச் செய்தார்கள். நல்ல மனத்துடன் செய்தவர்களே அதிகம். ஆனால், கொடுமையை அனுபவித்த ஒருவரை ஒரே அமர்வில் பேசவைத்து அனுப்பும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அனர்த்த காலங்களில் உளசமூகப் பணி எப்படி நடக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டலும் இதை எச்சரிக்கிறது. துஷ்பிரயோகத்திலிருந்தும், கொடுமை மனதில் விட்டுச்செல்லும் காயமான மனவடுவிலிருந்தும் மீளும் பிள்ளைகளுக்கான குழு உளச்சிகிச்சை இதிலிருந்து முற்றிலும் வேறான வேலை. அதில் பிள்ளை தன் கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயமே இல்லை. அதைத் தொடங்குவதற்கு முன் செய்து முடிக்க வேண்டியவை பல இருக்கின்றன. அவற்றைச் செய்யாமல் வட்டம் கூட்டினால் சில பிள்ளைகளுக்குத் தீங்கு நேரும் என்பதற்கு நம் வடக்கிலிருந்தே சான்று கிடைத்திருக்கிறது.

முதலில், இன்று நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? முள்ளிவாய்க்காலிலிருந்து தாயின் இடுப்பில் வெளியேறிய குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள். இடம்பெயர்ந்தவர்கள் தங்கவைக்கப்பட்ட செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டம்பரில் மூடப்பட்டது. பலவந்த ஆட்சேர்ப்பில் அகப்பட்டு, போர் முடிந்தபின் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட 594 சிறுவர்களும் இன்று முப்பது வயதை ஒட்டியவர்கள். இப்போது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளைச் சீருடையுடன் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைகள் ஷெல் சத்தத்தை நேரில் கேட்டவர்கள் அல்லர். அவர்களுடைய காயம் பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தும் தெரிந்த மனிதரிடமிருந்தும் வருகிறது.

இது புதிதாக முளைத்ததும் அல்ல. போர் நடந்துகொண்டிருந்தபோதே வடகிழக்கின் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் கிளவுடியா கட்டானியும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆய்வு 2008இல் வெளியானது. போருடன் தொடர்புடைய ஒரு சம்பவத்தையாவது அனுபவித்தவர்கள் 82.4 வீதம். வீட்டு வன்முறையின் ஏதோ ஒரு வடிவத்தை அனுபவித்தவர்களோ 95.6 வீதம். மனவடு நோய்க்கான (PTSD) அளவுகோல்களுக்குள் 30.4 வீதமான பிள்ளைகள் வந்தார்கள். தந்தையின் குடியும் பிள்ளை முன்னர் பட்ட போர் அனுபவமும் வீட்டில் அது படும் கொடுமையின் அளவோடு தொடர்புபட்டிருந்தன. போர் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்று பிரித்துப் பார்க்க இயலாது என்பதே அந்த எண்கள் காட்டும் விடயம். கணவனை இழந்த அல்லது காணாமல் ஆக்கப்பட்டவருக்காகக் காத்திருக்கும் தாய், வாரம் தவறாமல் வாசலுக்கு வரும் நுண்கடன் வசூல், ஊருக்குள் தாராளமாகக் கிடைக்கும் கசிப்பு என்ற கள்ளச் சாராயம், வேலைக்காக மத்திய கிழக்கு போன அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் வயதான அம்மம்மா, அந்த வீட்டுக்கு உரிமையோடு வந்துபோகும் உறவினன். ஒரு பிள்ளையைப் பாதுகாக்கும் சுவர்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாக விழுகின்றன.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி எழுதும்போது தனிமனித நோயைத் தாண்டிக் கூட்டு மனவடு என்று பேசியது இதனால்தான். குடும்பமும் அயலும் ஊரும் தம்முள் கொண்டிருந்த நம்பிக்கையே முறிந்துபோனது, மக்கள் மௌனத்துக்குள் ஒடுங்கினார்கள் என்று அவர் பதிவு செய்திருக்கிறார். குழுவாகச் சேர்த்துக் குணப்படுத்தும் முறை வன்னிக்குப் பொருந்தும் என்று நான் கருதுவதற்கும் இதுவே காரணம். மனிதர்களுக்கு இடையில் உடைந்ததை ஓர் அறைக்குள் மருத்துவரும் பிள்ளையும் மட்டும் இருந்து முழுமையாகச் சீராக்க இயலாது.

பாதிக்கப்பட்ட பிள்ளையை ஆசிரியர்கள் எளிதில் அடையாளம் காண்பதில்லை. சிறிய பிள்ளை மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கும். தாயின் சட்டையைப் பிடித்தபடி விடாது. தரம் 5 புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளை வயிற்றுவலி, தலையிடி என்று அடிக்கடி வீடு போகக் கேட்கும். பதின்ம வயதுப் பையன் சின்ன விடயத்துக்கும் கை நீட்டுவான். அவனைக் குழப்படிக்காரன் என்று வெளியே நிறுத்துவார்கள். ஒருத்தி எல்லாவற்றுக்கும் "ஓம் ரீச்சர்" என்று சொல்லிக்கொண்டு ஒன்றையும் கேளாமல் இருப்பாள். அவளை யாரும் கவனிப்பதே இல்லை. ஆபத்து முடிந்த பின்னும் உடல் அது முடியவில்லை என்றே நடந்துகொள்கிறது. இதயம் படபடக்கிறது, தூக்கம் கலைகிறது, பாடம் மண்டையில் நிற்பதில்லை. ஊரில் இதைப் பயந்த கோளாறு என்று சொல்லி நூல் கட்டுவார்கள், விபூதி போடுவார்கள். அதைக் கேலி செய்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. பயந்த பிள்ளையை மடியில் இருத்தி, ஒரு பெரியவர் நெற்றியில் கைவைத்து, இனி ஒன்றும் வராது என்று சொல்வதில் ஆறுதல் உண்டு. ஆனால், இன்றிரவும் அதே ஆள் அதே வீட்டில் படுக்கப்போகிறான் என்றால் அந்த நூலால் என்ன செய்ய முடியும்?

சரியாக நடத்தப்படும் குழுவின் அமைப்பு எளிமையானது. ஆறு முதல் எட்டுப் பிள்ளைகள். வயது இடைவெளி இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகாது. பாலியல் துஷ்பிரயோகம் என்றால் சிறுமியரும் சிறுவர்களும் தனித்தனியே. நடத்துநர் இருவர்: ஒருவர் அமர்வைக் கொண்டுசெல்வார், மற்றவர் முகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார், யாராவது எழுந்து வெளியே போனால் பின்னால் போவார். பத்துப் பன்னிரண்டு வாரம், ஒரே நாள், ஒரே நேரம், ஒரே அறை. இந்த ஒழுங்கை நிர்வாக வசதிக்காக வைத்துக்கொண்டது என்று எண்ணிவிடக்கூடாது. பெரியவர்கள் சொன்னபடி நடக்கமாட்டார்கள் என்று கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, செவ்வாய்க்கிழமை இரண்டரைக்கு வருவேன் என்ற அக்கா உண்மையிலேயே இரண்டரைக்கு வருவதே முதல் மருந்து. ஒரு வாரம் வரமுடியாவிட்டால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முதல் அமர்வுகளில் நடந்ததைப் பற்றிப் பேச்சே கிடையாது. குழுவின் விதிகளைப் பிள்ளைகளே சொல்வார்கள்: அடிக்கக்கூடாது, சிரிக்கக்கூடாது, இங்கே கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. விரும்பாவிட்டால் பேசாமல் இருக்கலாம் என்ற விதியை நடத்துநர் சேர்ப்பார். அதைப் பலமுறை சொல்வார். கிளித்தட்டோ கொக்கானோ விளையாடித் தொடங்குவார்கள். பயம் வந்தால் உடலில் எங்கே தெரிகிறது என்று ஒரு மனித உருவத்தில் நிறம் தீட்டுவார்கள். மூச்சை மெல்ல இழுத்து அதைவிட மெல்ல விடப் பழகுவார்கள். கைமுட்டியை இறுக்கித் தளர்த்துவார்கள். கெட்ட கனவு வந்து விழித்தால் அறையில் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருள்களை எண்ணப் பழகுவார்கள். இவை பார்ப்பதற்குச் சிறு விளையாட்டுகள். ஆனால் தன் உடலைத் தானே அமைதிப்படுத்த முடியும் என்பதை அந்தப் பிள்ளை முதல்முறையாக அறிகிறது. தன் உடலின் மீது வேறொருவன் அதிகாரம் செலுத்தியதே அதற்கு நேர்ந்த கொடுமை என்பதை நினைத்தால் இதன் கனம் புரியும்.

அடுத்துதான் குழுவால் மட்டுமே செய்யக்கூடிய வேலை வருகிறது. துஷ்பிரயோகத்துக்கு உள்ளான பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று எண்ணங்களைச் சுமக்கிறார்கள்: எனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது, நான்தான் ஏதோ பிழை செய்துவிட்டேன், சொன்னால் வீடு உடைந்துவிடும். மூன்றாவதைக் கொடுமை செய்தவனே ஊட்டியிருப்பான். "சொன்னால் அம்மாவைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போகும்" என்பது போன்ற மிரட்டல்கள் ஒரு பிள்ளையின் வாயை ஆண்டுக்கணக்கில் பூட்டப் போதும். "உன் பிழை இல்லை, பிள்ளை" என்று பெரியவர் சொல்லும்போது, பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று அது உள்ளுக்குள் ஒதுக்கிவிடும். அதே வயதுப் பிள்ளை ஒன்று, யாரும் கேட்காமல், "நானும் அப்படித்தான் நினைத்தேன்" என்று சொல்லும்போது நடப்பது வேறு. அதை எந்த மருத்துவராலும் தர இயலாது.

இதற்கான வழிகள் மறைமுகமானவை. ஒரு பொம்மைக்கு நடந்ததாகக் கதை சொல்லி, யார் பொறுப்பு என்று கேட்பார்கள். பெயர் எழுதாத கேள்விகளை ஒரு பெட்டியில் போடச் சொல்லி அடுத்த வாரம் பொதுவாகப் பதில் சொல்வார்கள். "எனக்கு நடந்தது யாருக்காவது தெரிந்தால் என்னோடு விளையாடுவார்களா?" என்பது அந்தப் பெட்டிக்குள் விழக்கூடிய கேள்வி. பெண் பிள்ளைக்குக் கலியாணம் நடக்குமா என்ற பயம், ஆண் பிள்ளைக்குத் தான் இனி ஆம்பிளைதானா என்ற பயம், இவையும் வரும். சிறுவர்களும் பாலியல் கொடுமைக்கு ஆளாகிறார்கள் என்பதை நம் ஊரில் வாய்விட்டுச் சொல்வது இன்னும் குறைவு. அவர்களுக்கான குழுக்கள் அதைவிடக் குறைவு.

அப்படியானால் நடந்த கதை? அதைச் சொல்லவே வேண்டாமா? வேண்டும், பிள்ளை ஆயத்தமானபோது. ஆனால் குழுவின் முன் வேண்டாம். லொஸ் ஏஞ்சல்ஸ் பாடசாலைகளில் உருவாகி 2003இல் சோதனை முடிவு வெளியான முறையில் பத்துக் குழு அமர்வுகள் இருக்கின்றன. அவற்றுடன் ஒன்று முதல் மூன்று வரை தனி அமர்வுகள் இருக்கின்றன. கொடுமையின் விவரத்தைப் பிள்ளை அந்தத் தனி அமர்வில்தான் சொல்லத் தொடங்கும். இந்தப் பிரிப்புக்கு வலுவான காரணம் உண்டு. ஒரு பிள்ளை விவரமாகச் சொல்வதைக் கேட்கும் இன்னொரு பிள்ளைக்குத் தன் நினைவு கிளறப்படும். அதுவரை அறியாத கொடுமையின் படம் ஒன்று புதிதாக மனதில் ஏறும். வழக்கு நடக்கும்போது குழுவில் பேசியதால் பிள்ளைகளின் சாட்சியங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று எதிர்த்தரப்பு வாதிடவும் இடமுண்டு.

தனியே கதை சொல்லும் முறை நம் மண்ணிலேயே சோதிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குச் சில வாரங்களில் வடகிழக்கின் தற்காலிக முகாமொன்றில், போரும் கடலும் இரண்டும் தாக்கிய 31 பிள்ளைகளை இரு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிப் பிள்ளைகள் ஒரு கயிற்றை வாழ்க்கையாக விரித்து, நல்லவற்றுக்குப் பூவும் கெட்டவற்றுக்குக் கல்லும் வைத்துத் தம் வாழ்வைச் சொன்னார்கள். மற்றப் பகுதிப் பிள்ளைகள் தியானமும் உடலைத் தளர்த்தும் பயிற்சியும் பெற்றார்கள். இரண்டிலும் ஆறு அமர்வுகள். பயிற்சி பெற்ற உள்ளூர் ஆற்றுப்படுத்துநர்களே நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்து முதல் பகுதியில் 81 வீதமானவர்களும் இரண்டாம் பகுதியில் 71 வீதமானவர்களும் மீண்டிருந்தார்கள். பிள்ளைகளின் தொகை சிறியது. பெரிய முடிவுகளை அதன்மேல் கட்டக்கூடாது. ஆனாலும் கதை சொல்லாமல் மூச்சையும் உடலையும் மட்டும் பழக்கிய பிள்ளைகளிலும் பெரும்பாலானவர்கள் மீண்டார்கள் என்பது கவனத்துக்குரியது.

இனி, நான் மேலே சொன்ன கசப்பான சான்றுக்கு வருகிறேன். வீட்சே டோல் தலைமையிலான ஆய்வாளர்கள், போர்ப் பதற்றம் நிலவிய வடக்கில், 1,370 பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்து, அவர்களில் 399 பேரை இரு குழுவாக்கினார்கள். ஒரு குழுவுக்கு ஐந்து வாரத்தில் 15 வகுப்பறை அமர்வுகள் நடந்தன. மற்றக் குழு காத்திருந்தது. முடிவு 2012இல் வெளியானது. மனவடு, மனச்சோர்வு, பதகளிப்பு (ஓயாத பதற்றம்) ஆகிய மூன்றிலும் மொத்தமாகப் பார்க்கையில் பலன் தெரியவில்லை. குழப்படி குறைந்தது, வயது குறைந்த பிள்ளைகளிடம் அது கூடுதலாகத் தெரிந்தது. மனவடுவிலும் பதகளிப்பிலும் ஆண் பிள்ளைகளுக்குக் கூடுதல் நன்மை. அன்றாடப் போர் நெருக்கடி குறைவாக இருந்த பிள்ளைகளுக்கும் அப்படியே. ஆனால், அமர்வுகளில் இருந்த பெண் பிள்ளைகளைவிடக் காத்திருந்த பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகளே அதிகமாகக் குறைந்தன. சில பிள்ளைகள் இயல்பாக மீண்டுவருவதை இத்தகைய தலையீடு குழப்பிவிடக்கூடும் என்று ஆய்வாளர்கள் ஒளிக்காமல் எழுதினார்கள்.

இந்த முடிவை வாசித்துவிட்டுக் குழுக்களே வேண்டாம் என்று சொல்பவர்கள் அவசரப்படுகிறார்கள். காங்கோவில், பாலியல் சுரண்டலுக்கு ஆளான 52 பதின்ம வயதுச் சிறுமியருடன் நடத்தி 2013இல் வெளியான சோதனையில், 15 குழு அமர்வுகளின் பின் மனவடு அறிகுறிகள் பெருமளவு குறைந்தன. எனவே கேள்வி எந்தப் பிள்ளைக்கு, எப்போது, என்ன ஆயத்தத்துடன் என்பதே. பாதிக்கப்பட்டதும் படாததுமாக ஒரு வகுப்பு முழுவதையும் ஒரே கலவையில் போடுவது ஒன்று. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே சந்தித்து, நிலையை அறிந்து, பொருந்துபவர்களைச் சேர்ப்பது வேறொன்று. எல்லாவற்றையும்விட முக்கியமாக, நெருக்கடி தொடரும் இடத்தில் பலன் குறைகிறது என்று வடக்கின் ஆய்வு சொல்கிறது. கொடுமை செய்பவன் வீட்டில் இருக்கையில் பிள்ளைக்கு மூச்சுப் பயிற்சி கொடுப்பது, குளக்கட்டு உடைந்து கிடக்கையில் வாய்க்கால் வெட்டுவது போன்றது. இன்னும் மோசம்: எச்சரிக்கையாக இருப்பதுதான் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் ஒரே காவல். அதைத் தளர்த்தப் பழக்குவது ஆபத்து.

ஆகவே முதல் படி பாதுகாப்பு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதன் இலக்கமான 1929க்கு யாரும் அழைத்து முறையிடலாம். பொலிஸின் சிறுவர், பெண்கள் பிரிவு, நன்னடத்தை அலுவலர், சட்ட வைத்திய அதிகாரி, நீதிமன்றம் என்று ஒரு பாதை இருக்கிறது. பிள்ளை அந்தப் பாதையில் ஒவ்வொரு வாசலிலும் அதே கதையைச் சொல்ல நேர்வதுதான் கொடுமை. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தைக் காணொளியில் பதிந்து சான்றாக ஏற்க 1999ஆம் ஆண்டின் சாட்சியச் சிறப்பேற்பாடுகள் சட்டம் வழிவகுத்தது. அந்த வசதி மாவட்டங்களில் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்குமாறு செய்வது ஆயிரம் பயிற்சிப் பட்டறைகளைவிடப் பயன் தரும். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுகையில் குழு அந்தப் பிள்ளைக்குத் தோள் கொடுக்கலாம். விசாரிக்கும் வேலையைக் குழு தன் கையில் எடுக்கக்கூடாது.

வன்னியில் ஊர்கள் சிறியவை என்பதை நகரத்திலிருந்து வருபவர்கள் உணர்வதில்லை. பிரதேச செயலக வளவுக்குள் ஒரு தாய் பிள்ளையோடு நுழைந்தால் மாலைக்குள் கடைச் சந்தியில் காரணம் ஆராயப்படும். பாலியல் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானவர்கள் என்று ஒரே ஊரில் ஒரு குழு கூட்டினால், வருகைப் பதிவேடே அம்பலப் பட்டியல் ஆகிவிடும். இதனால் அனுபவமுள்ளவர்கள் பல ஊர்ப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். சித்திரம், நாடகம், விளையாட்டு என்ற பெயரில் நடக்கும் நிலையத்தோடு குழுவை இணைக்கிறார்கள். நிறுவனப் பெயர் எழுதிய வாகனத்தை வாசலுக்கு அனுப்புவதில்லை. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தமிழ், முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளைக் கலையும் கதையும் விளையாட்டுமாக ஒன்றுசேர்த்தது. அங்கே போகும் பிள்ளையை நோயாளி என்று யாரும் அழைக்கவில்லை. வன்னியில் அப்படி நிலைத்து நிற்கும் ஓர் இடம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும்.

பிள்ளையோடு வேலை முடிந்துவிடுவதில்லை. போரில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காக உருவாக்கப்பட்டுப் பல நாடுகளில் பயன்படும் ஒரு முறையில் பிள்ளைகளுக்கு ஐந்து அமர்வும் பராமரிப்பவர்களுக்கு இரண்டும் இருக்கின்றன. வன்னியில் அந்த இரண்டு போதாது என்பது என் எண்ணம். தாயே பதுங்குகுழிக்குள் தன் பிள்ளையைப் பறிகொடுத்தவராக இருக்கலாம். பிள்ளைக்கு நடந்ததைக் கேட்டதும் அவருக்குள் பழையது எல்லாம் எழும். சிலர் பிள்ளையை அடிப்பார்கள், "ஏன் முதலே சொல்லவில்லை?" என்று. சிலர் நம்ப மறுப்பார்கள், நம்பினால் சோறு போடும் கையை இழக்க நேரும் என்பதால். தாய்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் பக்கத்து அறையில் அதே நேரத்தில் ஒரு குழு நடந்தால், பஸ் செலவு ஒன்றாகிறது. பேசவும் இடம் கிடைக்கிறது. கூலி வேலையை விட்டு வருபவருக்குப் பயணச் செலவையும் அன்றைய சாப்பாட்டையும் கொடுக்க வேண்டும். திட்ட வரைவுகளில் முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவுதான்.

நடத்துநர்களின் நிலையும் சொல்லப்பட வேண்டும். பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உதவியாளர்களும் வைத்தியசாலை உளநலப் பிரிவுகளின் உளசமூகப் பணியாளர்களும் பெரும்பாலும் இதே மண்ணில் இதே போரைக் கடந்தவர்கள். வாரம் முழுவதும் இத்தகைய கதைகளைக் கேட்டுவிட்டு, பேச ஒரு மூத்தவர் இல்லாமல் வீடு போகிறார்கள். மாதம் ஒருமுறையாவது அனுபவமுள்ள ஒருவருடன் உட்கார்ந்து தம் அமர்வுகளைப் பேசும் ஏற்பாடு இல்லாத இடத்தில் குழு நடத்தச் சொல்வது அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் அநீதி. நன்கொடையாளரின் நிதி மார்ச்சில் முடிந்தால் குழுவும் மார்ச்சில் முடிகிறது. ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளை மறுமுறையும் கைவிடப்படுகிறது. குழு எப்போது முடியும் என்பதை முதல் நாளிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லி, கடைசி இரண்டு அமர்வுகளைப் பிரிவுக்கென்றே ஒதுக்கி, மூன்று மாதம் கழித்து மீண்டும் சந்திப்பது என்பது நல்ல குழுக்களின் நடைமுறை.

உங்கள் பிள்ளையை இப்படி ஒரு குழுவுக்கு அனுப்புமாறு யாராவது கேட்டால், நீங்களும் கேளுங்கள். எத்தனை வாரம் நடக்கும்? நடத்துபவர் யார், அவருக்கு மேல் வழிகாட்டுபவர் யார்? என் பிள்ளையை முதலில் தனியே சந்திப்பீர்களா? பேச விருப்பமில்லை என்றால் விடுவீர்களா? மற்றப் பிள்ளைகள் எந்த ஊர்? படமோ காணொளியோ எடுப்பீர்களா? பிள்ளைக்கு இரவில் நிலைமை மோசமானால் யாரை அழைப்பது? பிள்ளை ஆபத்தில் இருப்பது தெரியவந்தால் நீங்கள் யாருக்கு அறிவிப்பீர்கள்? ஒழுங்காக வேலை செய்பவர் இவற்றுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். பதில் இல்லாத இடத்துக்குப் பிள்ளையை அனுப்ப வேண்டியதில்லை; மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் நேரடியாக விசாரிக்கலாம். தேசிய மனநல உதவிச் சேவையின் இலக்கம் 1926. பிள்ளைக்கு இப்போதே ஆபத்து என்றால் 1929க்கு அழைப்பதுதான் முதல் வேலை.